நத்தையின் சாட்சி

சிங்காரம் மாமா லாரியில் தூத்துக்குடிப் பக்கம் போய்த் திரும்பும்போது, அனுப்பிரியாவுக்கு ஒரு சுண்ணாம்புக் கல் கொண்டுவந்தார். ஏழாம் வகுப்பின் அறிவியல் கண்காட்சிக்கு அதையே வைப்பது என்று முடிவாயிற்று. மங்கலம் டீச்சர் ‘கடலடியில் உருவான கல்’ என்று அட்டையும் எழுதிவிட்டார்.

சுனாமி வந்து மூன்று வருடம் ஆகியும் கடலூரில் எதற்கெடுத்தாலும் கடலைத்தான் கைகாட்டுவார்கள். ஆனால் அனுப்பிரியாவுக்கு மனசு ஒப்பவில்லை. கல்லில் இருந்த கோடுகள் கூரை போலச் சரிந்திருந்தன. அவள் வீட்டருகே உள்ள தேவனாம்பட்டினம் மணல்மேடும் அப்படித்தான் சரிந்திருக்கும்.

“டீச்சர், இது காத்து குவிச்ச மணல்மேடு மாதிரி இருக்கு. சிப்பித்தூளும் மணலும் சேந்து இறுகிக் கல்லாயிருக்கலாம்.”

டீச்சர் கோபப்படவில்லை. நாளைக் காலைக்குள் ஆதாரம் காட்டினால் அட்டையை மாற்றுவதாகச் சொன்னார். இல்லையென்றால் அட்டையில் உள்ளபடிதான் நடுவரிடம் சொல்ல வேண்டும் என்றார். நம்பாத ஒன்றை நாலு பேர் முன்னால் ஒப்பிப்பதா? அது அவளால் முடியாது.

சாயங்காலமே தோழி பவானியை இழுத்துக்கொண்டு மணல்மேட்டுக்குப் போனாள். தகரத்தால் வெட்டினாள். மணல் பொலபொலவென்று சரிந்து பள்ளத்தை மூடியது. மறுபடி வெட்டினாள், மறுபடி மூடியது.

“வுட்டுட்டுப் போலாம்டி, இருட்டப் போவுது,” என்றாள் பவானி.

அனுப்பிரியா குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். நனைந்த மணல் சரியாமல் நின்றது. வெட்டிய இடத்தில் மெல்லிய கோடுகள், எல்லாம் சரிவாக! கண்ணாடித்தாளை வைத்து ஸ்கெட்ச் பேனாவால் அப்படியே வரைந்துகொண்டாள்.

காலையில் அந்தத் தாளைக் கல்லின்மேல் வைத்தபோது சரிவு பொருந்தியது.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா தண்ணிக்கு அடியிலயும் மணல் இப்படிச் சரிஞ்சு படியும்மா,” என்றார் டீச்சர்.

அனுப்பிரியா விடவில்லை. பழைய பல் பிரஷ்ஷை எடுத்துக் கல்லை அங்குலம் அங்குலமாகத் தேய்த்தாள். மணி அடிக்கப் போகும் நேரத்தில், ஒரு மூலையில் சுருள் ஓடு ஒன்று தெரிந்தது. மழை பெய்தால் அவள் வீட்டு முருங்கையில் ஏறுமே, அதே மாதிரி தரையில் வாழும் நத்தை.

டீச்சர் லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தாம் எழுதிய அட்டையைத் தாமே கிழித்துவிட்டு, எழுதச் சொல்லிப் புது அட்டையை அவளிடம் நீட்டினார்.

நடுவர் வந்தார். சுண்ணாம்புக் கல் என்றால் கடலில் உருவானதுதானே என்று கேட்டார். டீச்சர் அனுப்பிரியாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

“இல்ல சார், இது காத்து கட்டுன மணல்மேடு,” என்றாள் அவள், நத்தையைத் தொட்டுக் காட்டி. “இவருக்கு நீச்சல் தெரியாது.”