கம்பெனிக் கிடா

பேசினில் பிடித்த கிடா ரத்தம் உறையவில்லை.

உப்புப் போட்டு மூடி வைத்தாகிவிட்டது. சாம்பிராணிப் புகை அடங்கி, எஸ்டேட் முனியாண்டி கோயிலுக்குப் பின்னால் கறியும் பங்கு பிரித்தாயிற்று. ரத்தப் பொரியலுக்குச் சட்டி காயவைத்திருந்த பக்கத்து வீட்டுக் கோமளா கரண்டியைப் பேசினுக்குள் விட்டுத் தூக்கிப் பார்த்தாள்.

“என்ன தம்பி, இது ரத்தமா, ரோஸ் சிராப்பா? ஐஸ் போட்டா புள்ளைங்க குடிச்சிரும் லா!”

எல்லோரும் சிரித்தார்கள். திருச்செல்வமும் சிரித்தான், வாய் மட்டும்.

கிடா வந்த இடம் அவனுக்கு மட்டும்தான் தெரியும். நியாலாஸ் பக்கம் அவன் தீனி போடும் கம்பெனிப் பண்ணையில், ஆடுகளுக்குக் கருவிலேயே மனித மரபணு ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். அதனால் அவற்றின் பாலில் மனித ரத்தத்துப் புரதம் ஒன்று இறங்கும். ரத்தத்தை உறையவிடாத புரதம். பொடியாக்கி ஆராய்ச்சிக்கூடங்களுக்கு அனுப்புவார்கள். கிடாவுக்குப் பால் கிடையாது. ஆகவே கம்பெனியில் மரியாதையும் கிடையாது. எரித்துவிடச் சொன்னார்கள். “கிட்டத்தட்ட முழுசா ஆடுதான்பா,” என்றார் பண்ணை டாக்டர். மீதி என்னவென்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை.

தோன்றியதெல்லாம் மனைவி புனிதாதான். இரண்டு முறை கலைந்து, மூன்றாவது தங்கினால் கிடா வெட்டுவதாக வேண்டியிருந்தான். இது எட்டாம் மாதம். எரிக்கப்போகிற கிடாவைச் சாமிக்குக் கொடுத்தால் யாருக்கு நஷ்டம்?

மழைக்கு முந்திய புழுக்கத்தில் செம்பனை மட்டைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. ஈரத்தோல் வாடையும் சுருட்டு வாடையும் கலந்து தொண்டையில் நின்றன. கறியை மொய்த்த ஈக்களில் ஒன்றுகூடப் பேசின் பக்கம் போகவில்லை என்பதை அவன் மெல்லத்தான் கவனித்தான்.

பூசாரி சிவசாமி விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார்.

“யாரு ரத்தம்டா இது?”

“கிடாதான் மாமா. நீங்கதானே வெட்டுனீங்க?”

“வெட்டுனவன் அவன்.” குரல் சிவசாமியுடையதாக இல்லை. மலையேறிய சாமி திரும்பி வந்திருந்தது. “ஆடு தர்றேன்னு வேண்டிக்கிட்ட. ஆளக் குடுத்திருக்க. ருசி காட்டிட்ட. இனிமே ஆடு எதுக்குடா எனக்கு?”

சிவசாமியின் கால் பேசினை எத்தியது.

தரை கால்வாய்ப் பக்கம் சரிவு. ரத்தம் அந்தப் பக்கம் போகவில்லை. மேட்டில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த புனிதாவை நோக்கி ஏறியது.

“புனிதா, எந்திரி!”

“முடியலைங்க. காலு வரல.”

திருச்செல்வம் ஓடிப்போய்க் குறுக்கே காலை வைத்தான். அது சுற்றிக்கொண்டு போனது. மண் அள்ளிப் போட்டான். மண்ணுக்கு மேலே வந்தது.

சட்டியில் எண்ணெய் கருகியது.

அவள் கால் பெருவிரல் அருகே ரத்தம் நின்றது. சூடாக. உறையாமல்.

ஒருமுறை துடித்தது.

புனிதாவின் வயிற்றில் புடவை ஒருமுறை எழும்பித் தாழ்ந்தது.

மறுபடி துடித்தது.

வயிறும்.