விற்ற காரும் பதினோரு ரகசியங்களும்

அப்பா தலை சீவிக்கொண்டார். அங்கேதான் கேள்விக்குறிக்குச் சந்தேகம் தட்டியது.

வீட்டில் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். 'ஏன், எதற்கு' என்று துருவித் துருவிக் கேட்டே வாங்கிய பெயர். வயது பத்து.

அப்பா ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்பவர். யாராவது போனில் கூப்பிட்டால் முனகிக்கொண்டே போவார். ஆனால் அடுத்த தெரு டிரைவர் மாமா தன் காருக்காகக் கூப்பிட்டால் மட்டும் வாயெல்லாம் பல். முகம் கழுவி, தலை சீவி, ஸ்பேனர் பெட்டியோடு பறப்பார். கார் ரிப்பேருக்குப் போகிறவர் யாராவது தலை சீவுவார்களா?

அந்தக் கார் ஒரு மாதத்துக்கு முன்புவரை அப்பாவுடையது. கேள்விக்குறிக்கு ஒரே நாளில் இரண்டு தம்பிகள் பிறந்துவிட்டார்கள். அந்தக் குட்டிக் காரில் ஐந்து பேர் எப்படிப் போவது? அதனால்தான் டிரைவர் மாமாவுக்கு விற்க வேண்டி வந்தது.

அது சாதாரணக் கார் இல்லை. எட்டு வருடமாக அப்பா தன் கையாலேயே மாற்றி மாற்றிச் செய்தது. தக்காளி நிறம். கதவுக்கு ஃபிரிட்ஜ் கைப்பிடி. மழைத் தண்ணீர் துடைக்கும் வைப்பருக்கு வாஷிங் மெஷின் திருகு. 'அலசு' என்று வைத்தால் மெதுவாகத் துடைக்கும். 'பிழி' என்று வைத்தால் பேயாட்டம் ஆடும்.

விற்ற முதல் வாரம் ஹார்ன் அடிக்கவில்லை. அடுத்த வாரம் வைப்பர் நிற்கவில்லை. அப்புறம் கதவு திறக்கவில்லை. டிரைவர் மாமா ஜன்னல் வழியாக இறங்கினாராம். இன்று வண்டி கிளம்பவே இல்லை.

"எட்டு வருஷமா நம்மகிட்ட ஒரு நாள்கூட மக்கர் பண்ணலையேப்பா. அங்க போனதும் மட்டும் ஏன்?"

"இடம் மாறினா அப்படித்தான்."

"காருக்குமா?"

அப்பா இருமினார். அது சளி இருமல் இல்லை, பேச்சை மாற்றுகிற இருமல் என்று கேள்விக்குறிக்குத் தெரியும். அவளும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

டிரைவர் மாமா வாசலிலேயே நின்றிருந்தார். அப்பா காரின் முன்மூடியைத் திறந்து அரைமணி நேரம் எட்டிப் பார்த்தார். "ம்ம்..." என்றார். ஒரு வயரைத் தொட்டார். இன்னொரு "ம்ம்" போட்டார். பிறகு உள்ளே உட்கார்ந்து, கையைச் சீட்டுக்கு அடியில் விட்டு எதையோ அமுக்கினார். டக்! கார் கிளம்பிவிட்டது.

டிரைவர் மாமா அதைப் பார்க்கவில்லை. கேள்விக்குறி பார்த்துவிட்டாள்.

"சரியாயிடுச்சுண்ணா" என்றார் அப்பா.

டிரைவர் மாமாவின் முகம் மலரவில்லை. "தம்பி, அறுபது பேர் ஏறுற பஸ்ஸை நான் ஓட்டுறேன். இந்தச் சின்ன வண்டி என்னை ஓட ஓட விரட்டுது. இந்த வாரம் ரெண்டு நாள் டிப்போவுக்கு லேட். பாவம், ஸ்டாப்புல ஜனங்க நின்னுக்கிட்டே இருந்தாங்க. நாளைக்குப் பத்து மணிக்குப் பழைய இரும்பு எடுக்கிறவர் வர்றார். கொடுத்துடப் போறேன்."

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை.

இருவரும் திரும்பி நடந்தார்கள். வீட்டு வாசலில் கேள்விக்குறி கேட்டாள். "சீட்டுக்கு அடியில என்னப்பா அமுக்குனீங்க?"

அப்பா திருதிருவென்று விழித்தார். பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"திருடன் கொண்டுபோகாம இருக்க ஒரு சுவிட்ச் வச்சேன். சீட்டைப் பின்னால தள்ளினா அது அணைஞ்சிடும்."

"மாமாகிட்ட ஏன் சொல்லலை?"

"எல்லாத்தையும் சொல்லிட்டா அப்புறம் என்னை எதுக்குக் கூப்பிடுவார்? காரைப் பார்க்கவே முடியாதே."

கேள்விக்குறிக்குக் கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. ஏனென்றால் அவளும் தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் சுற்றிக்கொண்டு அந்தத் தெரு வழியாகத்தான் வருகிறாள். அந்தத் தக்காளிக் காரைத் தொட்டுப் பார்க்காவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடே இறங்காது.

"எனக்கும் ஆசையாத்தான் இருக்கு. அதுக்காக இரும்புக் கடையில நசுங்கட்டும்னு விடலாமா?"

உள்ளே ஓடி ஒரு நோட்டைக் கொண்டுவந்தாள். "சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

சுவிட்ச், திருகு, கைப்பிடி, ஹார்ன் என்று மொத்தம் பதினோரு ரகசியங்கள். படம் வேறு போட்டாள்.

"நீயே போய்க் கொடுத்துடும்மா. எனக்கு வெட்கமா இருக்கு" என்றார் அப்பா.

"மறைச்சது நீங்க, கொடுக்கிறது நானா? நல்லா இருக்கே!"

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இருவரும் போனார்கள். டிரைவர் மாமா நோட்டைப் படித்தார். புருவம் ஏறிக்கொண்டே போனது.

"அப்போ வேணும்னேதான் சொல்லாம இருந்தியா தம்பி?"

"ஆமாண்ணா. தப்புதான்." அப்பா தரையைப் பார்த்தே பேசினார். "விட்டுப் பிரிய மனசு வரலை."

டிரைவர் மாமா அவரை மேலும் கீழும் பார்த்தார். "பதினொண்ணுதானா? இன்னும் எதையாவது ஒளிச்சு வச்சிருக்கியா?"

"இல்லையே."

அப்பா இருமினார்.

"அப்பா!" என்றாள் கேள்விக்குறி.

அப்பா மெதுவாகச் சட்டைப் பைக்குள் கையை விட்டார். சின்னதாக ஒரு சாவி. காரின் இரண்டாவது சாவி! ஒரு மாதமாக அது அவர் பையிலேயே இருந்திருக்கிறது. கேள்விக்குறியே வாயைப் பிளந்துவிட்டாள்.

"ஓட்டுறதுக்கு இல்லண்ணா. சும்மா... கையில வச்சிருக்கத்தான்."

டிரைவர் மாமா சாவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திடீரென்று வயிறு குலுங்கச் சிரித்தார். சாவியை அப்பாவின் கையிலேயே மறுபடி வைத்தார்.

"உனக்குத் தண்டனை தரப்போறேன். ஞாயித்துக்கிழமைதோறும் வந்து வண்டியைக் கழுவணும். கழுவின பிறகு ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துச் சொல்லணும். முடியுமா?"

அப்பா தலையை ஆட்டினார், நிறுத்தாமல்.

"இப்பவே ஆரம்பி. நீ ஓட்டு, நான் பக்கத்துல உட்கார்றேன். நோட்டை வச்சுக்கிட்டு இந்தக் கேள்விக்குறி நம்ம ரெண்டு பேரையும் கவனிக்கட்டும்."

பத்து மணிக்குப் பழைய இரும்புக்காரர் வந்தார். வாசலில் கார் இல்லை. அது மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு, வெயிலில் வைப்பரைப் 'பிழி'யில் ஆட்டியபடி, தெருவை ஐந்தாவது தடவையாகச் சுற்றிக்கொண்டிருந்தது.