@ குறிக்குப் பின்னால் இருந்த வீடு

1999 ஜூலை. காலை ஒன்பதே முக்காலுக்குக் கையில் ஒரு தபால் கார்டோடு கீர்த்தி அந்த பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"இன்னைக்கு ரெண்டு மணிக்கு மதுரையில நேர்காணல், வரலைன்னா சீட்டு அடுத்த ஆளுக்குன்னு கார்டு சொல்லுது. எடம் உறுதியாயிருச்சு, வர வேண்டாம்னு இன்டர்நெட்ல காலேஜ் பக்கம் சொல்லுது. நான் எதை சார் நம்புறது?"

கேட்டது அங்கே உட்கார்ந்திருந்த ஞானமணியிடம். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவர். காரைக்குடியில் எந்தக் குழப்பம் என்றாலும் இவரைத்தான் தேடுவார்கள். கார்டு ஒன்றும் திரை வேறொன்றும் சொன்னால் யாருக்குத்தான் தலை சுற்றாது?

சென்டர் நடத்தும் ஜான் பீட்டர் முந்திக்கொண்டான். "பக்கத்தைத்தான் நம்பணும் சார். முகவரி போன வாரம் இந்தப் பிள்ளைக்கு மெயில்ல வந்துச்சு. போலி முகவரிய நம்ம மெஷின் தொறக்காது. நானே ப்ரோகிராம் எழுதி வச்சிருக்கேன்."

"போலின்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"தொடக்கத்துல காலேஜ் பேரு முழுசா இருக்கான்னு பாக்கும். இருந்தா உள்ள விட்டுரும்."

"தொற, பாப்போம்."

பக்கம் திறந்தது. திரையின் அடியில் ஏதோ எண்கள் ஓடி மறைந்தன.

"அது என்னது?"

"எப்பவும் ஏதாவது ஓடும் சார்."

ஞானமணி முகவரியைக் கடைசிவரை படித்தார். கல்லூரிப் பெயர், அதன்பின் @ குறி, அதன்பின் ஓடி மறைந்த அதே எண்கள்.

"இந்தக் குறி வந்தா, முன்னால இருக்கிறது வாசல்ல நின்னு சொல்லுற பேரு மட்டுந்தான். போய்ச் சேர்ற வீடு பின்னால இருக்கு. நம்ம ஊர்ல முன்னெழுத்தைப் பாத்ததுமே இன்ன வீட்டுப் பிள்ளைன்னு உள்ள விடுவாக. ப்ரோகிராமையும் அப்படியே பழக்கிட்டே."

ஜான் பீட்டருக்கு அவமானமாக இருந்தது. "நான் எழுதுனதாலதான் இந்தப் பிள்ளை ஏமாந்திருக்கு."

"இந்தச் சோதனைய யாருக்குச் சொல்லிக்குடுத்தே?"

"இங்க வேலை பாக்குற வேல்பாண்டிக்கு மட்டும் சார். கேட்டுக் கேட்டு எழுதிக்கிட்டான். இன்னைக்கு மதுரையில வேலைன்னு லீவு."

"அவனும் அந்தக் காலேஜுக்குத்தான் மனு போட்டிருக்கான்," என்றாள் கீர்த்தி. "ஆனா கூடப் படிச்சவன் சார். அவன் செய்வானா?"

"கார்டுதான் நெசம். பத்தரை பஸ்ஸைப் பிடி. மத்ததை அவனே சொல்லுவான்."

ஜான் பீட்டர் தன் மொபெட்டில் அவளை பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டான். பஸ் நகரத் தொடங்கியிருந்தது. ஓடி ஏறினாள். மூன்றாவது சீட்டில் வேல்பாண்டி. அவன் சட்டைப்பையிலும் அதே மாதிரி ஒரு கார்டு.

"நீ எங்க வர்றே?" என்றான். "ஒன்னை வர வேண்டாம்னுல போட்டிருந்துச்சு?"

இந்த ஒரு வாரத்தில் கீர்த்தி அதை வேல்பாண்டியிடம் சொல்லவே இல்லை. அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"எதுல போட்டிருந்துச்சு, வேல்பாண்டி?"