திறக்காத சாப்பாட்டுப் பொட்டலம்

மாலை 4.10. ஜப்பானின் கொகுரா நகர வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இசோபே தன் பெயர் முத்திரைப் பெட்டியைத் திறந்தார். உள்ளே முத்திரை இல்லை.

கோட்டும் டையுமாக நின்ற அந்த ஐம்பத்தாறு வயதுக்காரரின் முகம் வெளுத்துவிட்டது. அவர் கணக்கு எழுதிய எஃகு ஆலை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகை இன்றோடு தீர்கிறது. நீட்டிப்பு மனுவில் ஐந்து மணிக்குள் முத்திரை குத்தினால்தான் இன்னும் இரண்டு மாதம் வண்டி ஓடும். வெறும் கையெழுத்து அங்கே செல்லாது.

"இவன்தான்," என்று பக்கத்து நாற்காலியைக் காட்டினார். "எம்மேல சாஞ்சு தூங்குற மாதிரி நடிச்சான்."

எபாதா என்ற அந்த இளைஞன் கண்ணைக் கசக்கினான். அவனும் வேலை போனவன்தான். "யோவ் பெருசு, உன் பேரு செதுக்கின முத்திரைய வெச்சு நான் நாக்கு வழிக்கவா?"

வாசல் காவலில் இருந்த நகுமோ அம்மாள் நடுவில் வந்து நின்றாள். இருபது வருஷம் போலீசில் இருந்தவள். திருட்டுப் போச்சு என்பவர்கள் சொல்வதில் பாதியைத்தான் நம்புவாள்.

"கடைசியா எப்ப திறந்தீங்க?"

"நேத்து ராத்திரி. மை காஞ்சு கெடந்துச்சு. மூடி பையில வெச்சேன்."

பெட்டிக்குள்ளிருந்த மைப்பஞ்சை அவள் தொட்டாள். கட்டைவிரலில் சிவப்பு மை ஒட்டியது. துடைத்துக்கொண்டாள்.

"பையில வேற என்ன?"

"சாப்பாடு. மனு என்னாகுமோங்குற பயத்துல எறங்கல."

சாப்பாடு கட்டியிருந்த துணி முடிச்சுக்குள் கை சூடேற்றும் சின்னப் பை ஒன்று செருகியிருந்தது.

"வேலை போனது வீட்ல தெரியுமா?"

இசோபே தரையைப் பார்த்தார். "ஆபீசுக்குன்னு கெளம்பி, பார்க்குல உக்காந்துட்டு, ராத்திரி போவேன். வீட்டுக்காரிக்குத் தெரியாது."

"பழைய ஆபீஸ்ல ஹீட்டர் உண்டா?"

"உண்டு."

"அப்ப இந்தச் சூட்டுப் பை எதுக்கு?"

"குளிர் ஆரம்பிச்சதுலேர்ந்து வெக்கிறா. நான் யோசிக்கல."

"அவங்க யோசிச்சிருக்காங்க. முத்திரைய எடுத்தது உங்க வீட்டுக்காரம்மா," என்றாள் நகுமோ. "நேத்து காஞ்ச மை இன்னிக்கி ஈரமா இருக்கு. எந்தத் திருடனாவது மை ஊத்திட்டுப் போவானா? பொட்டலத்தப் பிரிங்க. மத்தியானமே பிரிச்சிருந்தா இந்தத் தம்பி தூக்கம் கெட்டிருக்காது."

சோற்றின் ஓரத்தில் சுருட்டிய முட்டை ஆம்லெட், மேலே உப்பில் ஊறிய பிளம் பழம். அதன் பக்கத்தில் மெல்லிய உறையில் முத்திரை. எழுத்துகளில் அடைந்திருந்த பழைய மை சுத்தமாக எடுக்கப்பட்டிருந்தது.

"பெட்டியிலயே வெச்சிருக்கலாமே," என்றான் எபாதா.

"வெச்சிருந்தா, தனக்கு எல்லாம் தெரியும்னு அந்தம்மா இவருக்கு எப்படிச் சொல்றது? வாயால சொன்னா மனுஷன் கூனிக்குறுகிப் போயிடுவாரு," என்றாள் நகுமோ.

4.48. மனுவில் பெயர் பளிச்சென்று பதிந்தது. ஊழியர் அதை வாங்கி மற்ற மனுக்களோடு தட்டில் வைத்தார். இசோபேவுக்கு அப்போதுதான் மூச்சு முழுசாக வந்தது. எபாதாவின் முன் இடுப்பு வளையக் குனிந்தார்.

"அந்தச் சுருட்டின முட்டையக் குடு பெருசு, மன்னிச்சிடறேன்," என்றான் அவன்.

இருவரும் பங்கிட்டுத் தின்றார்கள். பிறகு இசோபே சுவரோரத் தொலைபேசிக்குப் போய் வீட்டு எண்ணைச் சுழற்றினார். அவர் வாய் திறக்குமுன்பே எதிர்முனை முந்திக்கொண்டது.

"இப்பத்தான் தெறந்தீங்களா?" என்றாள் மனைவி.

"ம்."

"நேரா வீட்டுக்கு வாங்க. இனிமே பார்க்குல ஒக்கார வேண்டாம்."