கிராணி வீட்டு ஆறாவது டின்

காஜா பேராங் தெருவில், அலுவலகக் குமாஸ்தாவான கிராணி பொன்னுதுரை வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஆறு மீன் டின்கள் இருந்தன. அவற்றை யாரும் சாப்பிட்டதில்லை. அவை பார்ப்பதற்கு மட்டும்.

“சீமையிலிருந்து கப்பல்ல வந்தது,” என்பார் கிராணி.

அலமாரி சன்னலோரமாக நின்றது. வெயில் நேராக அடிக்கும். அடித்தால் என்ன? தெருவில் போகிறவர்களுக்கு டின்கள் தெரிய வேண்டுமே! போன சரஸ்வதி பூசையன்று தன் அலுவலகப் பேனாவுக்குப் பொட்டு வைத்தவர், டின் மூடிகளுக்கும் சந்தனப் பொட்டு வைத்தார்.

நாடு சுதந்திரம் பெற்ற நாள் வந்தது. மத்தியானம் தெருக்காரர்கள் கிராணி வீட்டில் கூடினார்கள். அவர் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார்.

“சுதந்திரம் கிடைச்சாச்சு. இனிமே நாமளும் வெள்ளைக்காரன் மாதிரி டின்னுல சாப்பிடலாம்! முதல் துண்டு தியாகுவுக்கு. பையன் மெலிஞ்சு போயிட்டான், பாவம்.”

ஐந்து வயதுத் தியாகு அடுத்த வீட்டுப் பிள்ளை. வயிற்றுப்போக்கு வந்து, பத்து நாள் கஞ்சியிலேயே கிடந்து, நேற்றுதான் எழுந்து நடந்தான். அவனுடைய அக்கா பாக்கியத்துக்குப் பத்து வயது. அவள் அலமாரியையே உற்றுப் பார்த்தாள்.

ஐந்து டின்களில் மூடி தட்டையாக இருந்தது. கிராணி எடுத்த ஆறாவது டின்னின் மூடி மட்டும் மேடாக இருந்தது. அதில் சந்தனப் பொட்டு நடுவே வெடித்து, பாதி உதிர்ந்து போயிருந்தது.

பொட்டு வைத்த அன்று எல்லாமே தட்டைதானே? பாக்கியம் விரலால் அமுக்கினாள். ‘டொக்’ என்று உள்ளே போன மூடி, மறுபடி ‘டொக்’ என்று வெளியே வந்தது. உள்ளே எதுவோ தள்ளுகிறது!

“அம்மா, அந்த டின் சரியில்லம்மா.”

“அடுத்த வீட்டுப் பொருளை அமுக்காதே!” என்று அம்மா அன்னம்மா அதட்டினார்.

“கிராணி மாமா, இது மட்டும் ஏன் உப்பியிருக்கு?”

“உள்ள மீன் நிறைய இருக்கு. நல்லாச் சாப்பிட்ட ஆளுக்கு வயிறு இப்படித்தான் இருக்கும்,” என்று கிராணி தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

“மாமா, நீங்க சாப்பிட்டீங்க. டின் எதைச் சாப்பிட்டுச்சு?”

எல்லாரும் சிரித்தார்கள். கிராணி சிரிக்கவில்லை. தியாகு தட்டோடு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டான்.

சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. பாக்கியம் ஒரு கணம் யோசித்தாள்.

“மாமா, உள்ள வச்சுத் திறந்தா யாருக்குத் தெரியும்? வாசல்ல வச்சு, தெருவே பார்க்கிற மாதிரி நீங்களே திறங்க. நாங்க தள்ளி நின்னு கை தட்டறோம்.”

கிராணிக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று. வாசலில் முக்காலி போட்டார். மேசைத்துணி விரித்தார். கோட்டை நீவிவிட்டுக்கொண்டார். பாக்கியம் தம்பியைத் தூக்கிக்கொண்டு எதிர் வீட்டுக்கே போய்விட்டாள்.

டின் வெட்டும் கத்தி மூடியில் இறங்கியது.

புஸ்ஸ்ஸ்!

பழுப்புத் தண்ணீர் பீறிட்டுக் கோட்டெல்லாம் தெறித்தது. அழுகல் நாற்றம் தெருக்கோடிவரை போயிற்று. மீன் கிடைக்கும் என்று காத்திருந்த பூனைகூட ஓட்டம் பிடித்தது.

“சீமை வாசனைலா!” என்று யாரோ கத்தினார்கள்.

அன்னம்மா மகளையும் மகனையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். ஒரு வாய் போயிருந்தாலும்... அதற்குமேல் அவரால் நினைக்க முடியவில்லை. டின்னைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். கிராணி மூன்று முறை சோப்புப் போட்டுக் குளித்தார். தியாகு அன்றும் கஞ்சிதான் குடித்தான், கூட ஒரு வாழைப்பழம்.

மறுவாரம் பாக்கியம் மளிகைக் கடைக்குப் போனாள். அங்கே கிராணி ஒவ்வொரு டின்னாக எடுத்து, மூடியை விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்படித்தான் பார்த்து வாங்கணும்,” என்று கடைக்காரரிடம் சொன்னார். “சீமையில இதுதான் வழக்கம்.”

பாக்கியத்துக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அடக்கிக்கொண்டாள். சரியான இடத்தில்தானே அமுக்குகிறார்!