நாற்பத்து நான்கு வோல்ட்

பகல் 1.05. ஸ்டோர் ரூம் மேஜைமேல் மஞ்சள் பெட்டி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. உள்ளே இருக்க வேண்டிய, வோல்ட் அளக்கும் மீட்டரைக் காணோம்.

1.25. இன்ஸ்பெக்டர் ஒரு கான்ஸ்டபிளோடு வந்து சேர்ந்தார். பள்ளியில் அறிவியல் பாடத்தைத் தட்டுத் தடுமாறித் தாண்டியவர் அந்த அம்மா. அடிதடி, கொள்ளை என்றால் கை துறுதுறுக்கும். வோல்ட் என்று யாராவது சொன்னாலே கொட்டாவி வரும். அவருக்கென்று வாய்த்தது பாருங்கள், சோலார் பேனல் மாட்டும் வேலையை இலவசமாகச் சொல்லித்தரும் பயிற்சி மையம். மூன்று மாதப் படிப்பு, இருபது பேர், இன்றோடு முடிகிறது. மூன்று மணிக்கு மொட்டை மாடியில் செய்முறைத் தேர்வு. முதலில் வருபவர் கையில் அங்கேயே வேலை உத்தரவு.

"யாருக்குக் கெடைக்கும்னு நெனைக்கிறீங்க?" என்று மாஸ்டரிடம் கேட்டார். மூன்று மாதமும் பாடம் நடத்தியவர் அவர்தான்.

"டெய்லரம்மாவுக்குத்தான் மேடம். அதுல சந்தேகமே இல்ல." மாஸ்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஆனா மீட்டர் நோட்டுல கடைசியா இருக்கறது அவங்க நம்பர். திருட்டுப் புகார்ல மாட்டினவங்களைத் தேர்வுல உக்கார வைக்கக் கூடாதுன்னு விதி. மூணு மணிக்குள்ள ஏதாவது தெரிஞ்சா உண்டு."

அந்த நோட்டு மாடிப்படி முடிவில் ஓர் ஆணியில் தொங்கியது. மாடியில் அளந்தவுடன் எழுதிவிட வேண்டும். மீட்டரைக் கீழே திருப்பிக் கொடுத்ததும் ஸ்டோர் கீப்பர் வந்து டிக் போடுவார். கையெழுத்தெல்லாம் கிடையாது, வெறும் எண்கள்தான். இன்றைய பக்கத்தில் இரண்டே வரிகள். காலை 9.00, வரிசை எண் 14, பேனல் 7, வோல்ட் 41.0. பக்கத்தில் டிக். பகல் 12.10, வரிசை எண் 14, பேனல் 7, வோல்ட் 44.2. டிக் இல்லை.

14 டெய்லரம்மாவின் எண்.

1.35. டெய்லரம்மா ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தைத்துத் தைத்துத் தழும்பேறிய விரல்கள் ஹெல்மெட் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தன.

"பன்னெண்டு பத்துக்கு எங்க இருந்தீங்க?"

"கீழ ஷெட்டுக்குப் பின்னாடி, வயர் உரிச்சுப் பழகிட்டிருந்தேங்க."

"யார் பாத்தாங்க?"

"யாரும் பாக்கலிங்க. காலையில ஒரு தடவ எடுத்தேன், கொடுத்துட்டேன். அவ்வளவுதான். துணி கம்பெனிய மூடி ஒன்றரை வருஷம் ஆச்சுங்க. வீட்டுக்காரரால எழுந்து நடக்க முடியாது. இந்த வேலையும் போச்சுன்னா நான் எங்கிட்டுப் போவேன்?"

திருடிவிட்டுத் தன் எண்ணைத் தானே எழுதி வைப்பாளா ஒருத்தி? இன்ஸ்பெக்டருக்குக் குழப்பமாக இருந்தது. ஒருவேளை எடுத்தபோது திருடும் எண்ணமே இல்லாமல், எழுதிய பிறகு புத்தி கெட்டிருக்கலாம். அதுவும் நடப்பதுதான்.

1.45. ஸ்டோர் கீப்பர் கையைப் பிசைந்தார்.

"பன்னெண்டுல இருந்து ஒரு மணி வரைக்கும் நானும் மாஸ்டரும் வாட்ச்மேனும் கேட் பக்கத்துல ஒண்ணா உக்காந்து சாப்பிட்டோம் மேடம். ஒருத்தரும் எடத்தை விட்டு அசையல."

"ஸ்டோரைப் பூட்டலையா?"

"பூட்டறதில்ல. யாருக்காவது பழக மீட்டர் வேணும்னா எடுத்துக்கட்டும்னு தொறந்துதான் வைப்போம். மூணு மாசமா ஒரு ஸ்குரூ காணாமப் போனதில்ல."

ஆக, மூவரைக் கழித்தாயிற்று. மிச்சம் இருபது பேர். இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார்.

அந்த நேரத்தில் தெய்வமாக வந்தார் லீடர். இருபது வருடம் வீடுகளுக்கு வயரிங் செய்தவர், அந்த இருபது பேரில் ஒருவர், வகுப்புக்குத் தலைவர், வருகைப் பதிவேடும் அவர் பொறுப்பு. நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், நோட்டை வாங்கிப் பொறுமையாக விளக்கவும் செய்தார்.

"பாருங்க மேடம். காலையில நாப்பத்தொண்ணு, மத்தியானம் நாப்பத்திநாலு. வெயில் ஏற ஏற வோல்ட்டும் ஏறும். கணக்கு கச்சிதமா இருக்கு. அப்போ நெசமாவே மாடியில அளந்துதான் எழுதியிருக்காங்க. என்ன பண்றது, நல்ல பொம்பள, பாவம்."

முதல் தடவையாக மின்சாரம் புரிந்தது இன்ஸ்பெக்டருக்கு. மகிழ்ச்சிதான். ஆனால் புரிந்தது டெய்லரம்மாவுக்கு எதிராக இருந்தது.

2.05. மாஸ்டரைக் கூப்பிட்டு அதே வரியைக் காட்டினார். மாஸ்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"நாப்பத்திநாலா? இந்த வெயில்லயா? வாய்ப்பே இல்ல."

"ஏன், வெயில் ஏறினா வோல்ட்டும் ஏறுமே?"

"அதான் இல்ல மேடம். வெயில் ஏறினா கரண்ட் ஏறும். பேனல் சூடானா வோல்ட் எறங்கும்."

ஏறுமா, இறங்குமா? இன்ஸ்பெக்டருக்கு மண்டை காய்ந்தது. "எனக்கு எதுவும் சொல்லாதீங்க. கண்ணால காட்டுங்க."

2.15. மொட்டை மாடி அடுப்பாகக் கொதித்தது. மாஸ்டரின் பழைய சின்ன மீட்டரை ஏழாம் பேனலில் வைத்தார்கள். 37.1. பிறகு ஸ்டோர் ரூம் நிழலில் கிடந்த அதே ரகப் புதுப் பேனல் ஒன்றைத் தூக்கி வந்து வெயிலில் சாய்த்தார்கள். 40.8. இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பேனல் சூடேறச் சூடேற, 40 ஆயிற்று, 39 ஆயிற்று. அவர் கண்ணெதிரிலேயே இறங்கிக்கொண்டிருந்தது.

"இதை வகுப்புல சொல்லிக் கொடுத்தீங்களா?"

"முதல் வாரமே மேடம். எல்லாரையும் இதே எடத்துல நிக்க வெச்சுக் காட்டினேன். பத்து நிமிஷப் பாடம். பாத்தவன் மறக்கவே மாட்டான்."

"எல்லாரும் வந்திருந்தாங்களா?"

"பதிவேட்டுல இருபது பேருக்கும் டிக் இருக்கே."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். குழப்பமெல்லாம் வடிந்துவிட்டது.

2.35. இருபது பேரும் வகுப்பறையில் கூடினார்கள். டெய்லரம்மா கடைசி வரிசையில், சுவரோடு சுவராக நின்றார்.

"பன்னெண்டு பத்துக்கு யாரும் எதையும் அளக்கல," என்றார் இன்ஸ்பெக்டர். "அளந்திருந்தா முப்பத்தேழு வந்திருக்கும். இந்த நாப்பத்திநாலு பேனல்ல இருந்து வரல, ஒருத்தர் மனசுல இருந்து வந்திருக்கு. டெய்லரம்மா நம்பர்ல பொய்யா ஒரு வரி எழுதணும். பாத்தா நெசம் மாதிரி இருக்கணும். வெயில் ஏறியிருக்கு, வோல்ட்டும் ஏறியிருக்கும்னு நெனச்சு மூணு கூட்டிப் போட்டுட்டார். பாடம் கேட்டவங்க யாரும் அப்படி எழுத மாட்டாங்க. முப்பத்தேழுன்னுதான் எழுதியிருப்பாங்க. அப்போ அந்தப் பாடத்துக்கு வராத ஆள் ஒருத்தர் இங்க இருக்கார். ஆனா பதிவேட்டுல வந்ததா டிக் இருக்கு. தன் பேருக்குத் தானே டிக் போட்டுக்கற வசதி இந்த வகுப்புல ஒருத்தருக்குத்தான்."

அறையில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

"வெயில் ஏற ஏற வோல்ட் ஏறும்னு எனக்கு யார் விளக்கினது, லீடர்?"

லீடர் எழுந்து நின்றார். "பேட்டரி ரூம்ல, காலி அட்டைப்பெட்டிக்குள்ள இருக்கு," என்றார் தரையைப் பார்த்து. "விக்கறதுக்காக எடுக்கல மேடம். இருபது வருஷமா வயரோட கெடந்தவன் நான். முதல் வாரப் பாடமெல்லாம் எனக்கு எதுக்குன்னு டீக்கடையில உக்காந்துட்டேன். கடைசியில தையல் மிஷினைத் தவிர எதையும் தொடாத பொம்பள எனக்கு முன்னாடி போறா. வேலை எனக்குத்தான்னு வீட்ல வேற சொல்லித் தொலச்சிட்டேன்."

ஸ்டோர் கீப்பர் ஓடிப்போய் மீட்டரோடு திரும்பினார். மாஸ்டர் தேர்வுப் பட்டியலை எடுத்து, ஒரு பேரை அடித்தார்.

2.55. டெய்லரம்மா ஹெல்மெட்டை மாட்டி, வாரை இறுக்கினார். கதவருகே, கான்ஸ்டபிளுக்குப் பக்கத்தில் நின்ற லீடரைத் தாண்டும்போது அவர் நின்றார். திட்டப்போகிறார் என்றுதான் இன்ஸ்பெக்டர் நினைத்தார். திட்டினால் தடுப்பதில்லை என்றும் முடிவு செய்திருந்தார்.

"அந்தப் பாடம் எனக்கும் மொதல்ல புரியலண்ணே," என்றார் டெய்லரம்மா. "மாஸ்டர்கிட்ட மூணு தடவ கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க என்கிட்ட ஒரு தடவ கேட்டிருந்தா நான் சொல்லித் தந்திருப்பேனே."

மாடிப்படியில் டெய்லரம்மாவின் காலடிச் சத்தம் மேலே ஏறிப் போனது.