கூட நடக்கிறவங்க

அவளுக்கு அம்மா அப்பா வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. ஆனாலும் தெருவில் எல்லோரும் அவளைப் பிசின் என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரைச் சூட்டியவன் அவளுடைய தம்பி வாலு. பள்ளிக்குப் போகும்போது அவள் அவன் கையைப் பிடிக்கிற பிடி அப்படி. செருப்பு வார் அறுந்தாலும் கையை விடமாட்டாள், இழுத்துக்கொண்டே நடப்பாள்.

ரயில் நிலையத்துக் கூட்டத்தில் வாலு காணாமல் போன நாளிலிருந்து வந்த பழக்கம் இது. கொஞ்ச நேரத்திலேயே ஆள் கிடைத்துவிட்டான். டிக்கெட் கொடுக்கும் அறையில், மேசைமேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். பிசினுக்குத்தான் அந்தக் கொஞ்ச நேரம் இன்னும் முடியவில்லை. ராத்திரி தூக்கம் வராது. எழுந்து போய்த் தம்பியின் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பாள். பகலில் வகுப்பில் கண் சொக்கும்.

போன வாரம் வாலு பொறுமை இழந்தான். "இனிமே இவகூட ஸ்கூலுக்குப் போக மாட்டேன். கை வலிக்குது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டான்.

அம்மா பேருந்து ஓட்டுபவர். சனிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு அவளை ஓர் ஆலோசகரிடம் கூட்டிப் போனார். மனதில் பாரம் இருந்தால் இவரிடம் பேசலாம் என்று அம்மா சொன்னதை, பிசின் வாய்வழித் தேர்வு என்று புரிந்துகொண்டாள். அதனால் பதில்களை மனப்பாடம் செய்துகொண்டு போனாள். நான் நன்றாகத் தூங்குகிறேன். காய்கறி சாப்பிடுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லவே கூடாது என்று முடிவு செய்திருந்தாள். அது யாருக்கும் தெரியாத விஷயம்.

அறையில் மேசையே இல்லை. சாய்வு நாற்காலிகள், ஒரு டப்பா நிறையக் களிமண், ஜன்னலில் மெதுவாக ஆடும் நீலத் திரை, அவ்வளவுதான். ஆலோசகர் குள்ளமாக, நரைத்த முடியோடு, காலில் ஓட்டப் பந்தயக் காலணியோடு இருந்தார். அவர் கேட்பதற்கு முன்பே பிசின் மனப்பாடப் பதில்களை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். அவர் கேட்டு முடித்துவிட்டு, காய்கறியில் தனக்குச் சுரைக்காய் மட்டும் இறங்காது என்றார்.

பிறகு இங்கே எப்படி என்று விளக்கினார். இங்கே மதிப்பெண் கிடையாது. பேசப் பிடிக்காவிட்டால் சும்மா இருக்கலாம். அவள் சொல்வதை அவர் யாரிடமும் சொல்லமாட்டார். அவளுக்கோ வேறு யாருக்கோ ஆபத்து என்றால் மட்டும் சொல்லவேண்டி வரும், அதையும் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வார்.

"உள்ளயே உக்காந்து பேசலாம். இல்ல, பார்க்ல நடந்துகிட்டே பேசலாம். உன் இஷ்டம். ஆனா வெளிய போனா தெரிஞ்சவங்க எதிர்ல வரலாம். நான் யாருன்னு கேட்டா என்ன சொல்றது? அத நீதான் முடிவு பண்ணணும்."

பிசின் யோசித்தாள். "என்கூட நடக்கிறவங்கன்னு சொல்லிடலாம்."

"அது உண்மையும்கூட" என்று சொல்லிக் கதவைத் திறந்தார்.

பூங்கா பாதித் தூக்கத்தில் இருந்தது. தூறல் நின்று, குளத்தின்மேல் வெள்ளையாகப் பனிமூட்டம் மிதந்தது. வாத்துகள் தலையை இறகுக்குள் செருகிக்கொண்டிருந்தன. எந்தப் பக்கம் போவது என்று ஆலோசகர் சொல்லவில்லை. பிசின் திரும்பிய பக்கமெல்லாம் ஓரடி பின்னால் வந்தார். அவள் அடிக்கடி திரும்பிப் பார்த்தாள். அவர் இருந்தார். மறுபடி பார்த்தாள். அப்போதும் இருந்தார். அப்புறம் பார்க்க மறந்துவிட்டாள்.

எதிரே மூச்சு வாங்க ஓடிவந்தார் அவளுடைய விளையாட்டு ஆசிரியர். கூட யார் என்று கேட்டார். "என்கூட நடக்கிறவங்க சார்" என்றாள். "நல்லது, கைய வீசி நட" என்று சொல்லிவிட்டு அவர் ஓடிப்போனார். பிசினுக்குச் சிரிப்பு வந்தது.

மஞ்சள் பூ மரத்தடியில் காற்று அடித்தது. பூத்தூள் மூக்கில் ஏறியது. அவள் சட்டென்று மூக்கைப் பிடித்து, முகம் சிவக்க எதையோ அடக்கினாள்.

"தும்மல் வந்தா தும்மிடலாமே."

அவ்வளவுதான் சொன்னார். பிசினுக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

"அன்னிக்குத் தும்மல் வந்துச்சு. மூக்கப் பொத்தறதுக்காகக் கைய விட்டேன். கண்ணத் திறந்தா வாலுவைக் காணோம். எல்லாரும் அவன்தான் ஓடிட்டான்னு திட்டினாங்க. நான்தான் விட்டேன். இத அம்மாகிட்ட சொல்லிடுவீங்களா?"

"மாட்டேன். அது உன்னோடது. எப்பச் சொல்லணும்னு தோணுதோ அப்ப நீயே சொல்லலாம்."

குளத்தை இன்னொரு சுற்று சுற்றினார்கள். வழியில் அவர் ஒன்றுதான் கேட்டார். அந்த நேரத்தில் தான் என்ன செய்துகொண்டிருந்தான் என்று வாலு சொல்லியிருக்கிறானா? பிசின் நின்றுவிட்டாள். அவனைத் திட்டியிருக்கிறார்கள், கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார்கள். யாரும் அவனைக் கேட்கவே இல்லை.

அடுத்த சனிக்கிழமையும் வரலாம் என்று பேசிக்கொண்டார்கள். வீடு திரும்பும்போது என்ன பேசினாய் என்று கேட்க அம்மா வாயைத் திறந்தார், உடனே மூடிக்கொண்டார். பிசின் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அன்று சாயங்காலம் வாலுவிடம் தும்மலைப் பற்றிச் சொன்னாள். நீ என்னடா செய்தாய் என்றும் கேட்டாள்.

"கூட்டம் என்னை இடிச்சுத் தள்ளிடுச்சு. பாத்தா உன்னைக் காணோம். டிக்கெட் மாமாகிட்ட போய், எங்கக்கா தொலைஞ்சு போயிட்டா, கண்டுபிடிச்சுக் குடுங்கன்னேன். நீதான் தொலைஞ்ச. நான் எங்க தொலைஞ்சேன்?"

பிசின் விழுந்து விழுந்து சிரித்தாள். கொஞ்சம் அழவும் செய்தாள். அந்த இரவும் எழுந்துபோய் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். ஆனால் ஒரே முறைதான்.

திங்கட்கிழமை காலை தெருவெங்கும் பனி. விளக்குக் கம்பங்களுக்குத் தலையே இல்லை.

"இன்னிக்கு நீ முன்னாடி போ. நான் பின்னாடி வரேன். ரோடு தாண்டும்போது மட்டும் கை" என்றாள் பிசின்.

வாலுவால் நம்ப முடியவில்லை. பையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு தளபதி மாதிரி நடந்தான். ஆனால் அடிக்கடி திரும்பிப் பார்த்தான். ஏன் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் கையை ஆட்டினாள்.

சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் ஒட்டுவதை நிறுத்திவிட்டு, அக்காவை எங்கே காணோம் என்று வாலுவைக் கேட்டார்.

"கூடத்தான் நடக்கிறா" என்றான் வாலு.

அப்போது பார்த்து பிசினுக்கு மூக்கு அரித்தது. இந்த முறை அடக்கவில்லை. இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்தி, கண்ணை இறுக மூடி, தெருவே அதிரத் தும்மினாள்.

கண்ணைத் திறந்தாள். பனிக்குள் வாலு அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

"முடிஞ்சுதா? இன்னும் இருக்கா?" என்று கேட்டான்.

"இன்னொண்ணு இருக்கு" என்றாள் பிசின்.

வாலு பையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தான்.